வடக்கு எல்லை

ஊர்காவற்துறை நீதிமன்றத்தை
அளக்க வந்திருக்கிறோம்.
நாடாவின் ஒரு நுனி என் கையில்.
மறு நுனியோடு நிரஞ்சலா
எதிரிக் கூண்டு இருந்த இடத்தில் நிற்கிறாள்.
கொஞ்சம் இடப்பக்கம், என்கிறேன்.
எருக்கலை விடவில்லை.

சுவர் இரண்டு முழத் தடிப்பு.
முருகைக்கல். உடைந்த இடத்தில் பார்த்தால்
மூளை போல மடிப்பு மடிப்பாய்க் கடல்.
ஒல்லாந்தன் விட்டுப்போன பண்டகசாலை அத்திவாரத்தில்
இங்கிலீசுக்காரன் எழுப்பிய ஏழு வளைவு.
ஆறு நிற்கின்றன.
ஏழாவது இருந்த வெளியில்
காரைநகர்ப் பாதை
மோட்டார் சைக்கிள்களோடு ஊர்ந்து போகிறது.

விறாந்தைத் தூண்களில்
இடுப்புயரத்துக்கு வெள்ளைக் கோடுகள்.
பெயர் கூப்பிடும்வரை
வெற்றிலை போட்டபடி காத்திருந்த சாட்சிகள்
விரல் துடைத்த சுண்ணாம்பு.
இதை வரைபடத்தில் எப்படிக் காட்டுவது?

கூரை இல்லை.
பனஞ்சிலாகைகளைப் பங்கருக்குக் கழற்றினார்கள்.
யார் என்பதற்கு
என் படிவத்தில் கட்டமில்லை.

தப்பிய தீர்ப்பு ஒன்றே ஒன்று:
வல்லியாத்தை எதிர் அருளப்பு.
தோற்ற அருளப்பு
கோபத்தில் பிஸ்கட் பேணிக்குள்
பூட்டி வைத்த பிரதி.
எழுவைதீவில் அரை முழ வேலி.
மாரியில் ஒருவர் அரக்க
கோடையில் மற்றவர் அரக்க
பதினொரு வருசம்.
நீதிபதி தானே வள்ளமேறிப் போய்
கதியால்களை எண்ணியிருக்கிறார்.
ஒரு பூவரசு தளிர்த்திருந்தது.
அது எந்த மழைக்குத் தளிர்த்தது என்று
இரண்டு அப்புக்காத்துமார்
இரண்டு நாள் பேசியிருக்கிறார்கள்.
வென்ற வல்லியாத்தை
வழக்குச் செலவுக்கு
அந்தக் காணியையே ஈடு வைத்தாள்.

எங்கள் சிக்கல் வடக்கே.
சுவரை ஒட்டி மடுத்தீன் வேலி போட்டிருக்கிறார்.
"இது என்ர வளவு.
இல்லையெண்டால் கோட்டின்ர உறுதியைக் காட்டுங்கோ."

உறுதி பதிவறையில் இருந்தது.
பதிவறை மூன்று நாள் எரிந்ததாம்.
முதுசம், சீதனம், தேடியதேட்டம்
எல்லாவற்றையும்
பங்கு பிரிக்காமல் கொண்டுபோனது
சோளகம்.

தேத்தண்ணி தந்தார், பனங்கட்டியோடு.
அவர் வேலியிலும் பூவரசு, நல்ல தளிர்.
நிரஞ்சலா எண்ணத் தொடங்கிப்
பாதியில் சிரித்துவிட்டாள்.

எழுதுகிறேன்:
கிழக்கு, கடல். தெற்கு, ஒழுங்கை.
மேற்கு, மாதா சுருவம்.
வடக்கு, பிணக்கு.

"அப்ப இதை எங்கதான் தீர்க்கிறது, ஐயா?"
மடுத்தீன் வளைவுகளை அண்ணாந்து பார்த்தார்.
"முதல்ல கட்டி முடியுங்கோ.
நான் வழக்குப் போடுறன்."