ஆட்டுச் சொல்

உலான்பத்தாரில் நான்காம் மாடி.
நிலக்கரிப் புகை சன்னலில் பழுப்பாய் நிற்கிறது.
கிரேக்கக் கிழவன் ஒருவனின் வாக்கியத்தோடு
பதினேழு நாளாய் மல்லுக்கட்டுகிறாள் செவெல்மா.
'அறிவுள்ளவன் சாவை' என்பது வரை சிக்கலில்லை.
அதன்பின் வரும் வினைதான்.

பணிகிறான் என்று எழுதினாள்.
அரண்மனை வாசலில் தொப்பியைக் கழற்றியது அது.
பொறுக்கிறான்: பல்வலிக்குச் சரி.
சம்மதிக்கிறான்: வங்கிக் கடன் தாளின் கடைசிப் பக்கம்.
தோற்கிறான் என்று ஓர் இரவு எழுதி
தாள் கிழியுமளவு அடித்தாள்.
ஒன்பது சொற்கள் போயின.

அக்டோபரில் ஜம்பல் போனான்.
இறந்தான் என்று அங்கே வாய்விட்டுச் சொல்வதில்லை,
புத்தரானான் என்பார்கள்.
லாரி ஓட்டியவன், சீட்டாட்டத்தில் கள்ளன்,
குறட்டையால் அடுத்த வீட்டாரைச்
சுவரில் தட்டவைத்தவன்
புத்தரானான்.

அவள் அலமாரியில் எல்லாரும் இருக்கிறார்கள்.
சாவு நம்மைத் தொடாது என்று நிறுவியவர்,
தினமும் ஒத்திகை பாரென்றவர்,
நாவல்களில் நான்கு பக்கம் பேசிவிட்டுச்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்பவர்கள்.
ஜம்பல் கேட்டது ஒன்றே ஒன்று,
'அடுப்பை அணைத்தாயா?'
அணைத்திருந்தாள்.
சொல்வதற்குள் கேட்க ஆளில்லை.

மார்ச்சில் கோபிக்குப் போனாள், தம்பியின் கூடாரத்துக்கு.
ஆடுகள் ஈனும் மாதம்,
கைகள் போதாத மாதம்.
புழுதிக் காற்றில் பேச்சு பல்லில் நறநறத்தது.

செத்தே பிறந்த குட்டியின் தாய் ஒன்று.
தாய் செத்த குட்டி ஒன்று.
கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தாள்,
நகரத்துக்காரி.
தாயாடு முகர்ந்தது, உதைத்தது.
மறுபடி கொண்டுபோனால்
மறுபடி உதைத்தது.

தம்பி மனைவி துல்மா அதன் கழுத்தைக் கட்டி
எதிரே மண்டியிட்டாள்.
தோய்க், தோய்க், தோய்க்
என்று தொடங்கினாள்.
அதற்குப் பொருள் இல்லை.
செத்தது உன் குட்டி என்று அது விளக்கவில்லை,
இதுவும் குட்டிதான் என்று வாதாடவில்லை,
இயற்கை என்றோ விதி என்றோ
ஓர் எழுத்தும் இல்லை அதில்.
தோய்க்.
நெருப்பில் சாணவரட்டி தீரும்வரை
தோய்க்.

அன்றிரவு இல்லை.
மறுநாளும் இல்லை.
மூன்றாம் மாலை ஆடு
எங்கோ தொலைவில் தொடுவானைப் பார்த்தபடி நின்றது.
குட்டி மடியை முட்டியது.
உதை விழவில்லை.
அவ்வளவுதான். பாசம் என்று சொல்ல எதுவும் நடக்கவில்லை.
கண்ணில் நீர் வந்ததென்று துல்மா சொன்னாள்,
செவெல்மா பார்த்தது புழுதியை.

'இதற்கு என்ன சொல்வீர்கள்?'
'எதற்கு?'
'இப்போது ஆடு செய்ததற்கு.'
துல்மா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே
ஒரு சொல் சொன்னாள்.
சின்னச் சொல். உப்பு வாங்கவும்
அதைத்தான் சொல்வார்கள்.

பதிப்பாளர் சிவப்பில் கோடிட்டு அனுப்பினார்:
'இது ஆட்டுச் சொல். தத்துவத்துக்கு ஆகாது.'
அவள் மாற்றவில்லை.

ஆனால் ஒன்றை அவரிடம் சொல்லவில்லை.
நான்காம் நாள் விடியலில்
அதே ஆடு, அதே குட்டியை,
நேற்று எதுவும் நடவாததுபோல்
உதைத்தது.
துல்மா திட்டவில்லை, திகைக்கவில்லை.
கொட்டாவி விட்டாள். தேநீரைக் கீழே வைத்தாள்.
மண்டியிட்டாள்.

அதனால்தான் கிழவனின் வாக்கியத்தில்
முற்றுப்புள்ளிக்கு முன்னிருந்த
முற்றை எடுத்துவிட்டு
எச்சமாக எழுதிவைத்திருக்கிறாள்:
அறிவுள்ளவன் சாவை ஏற்று

அச்சகத்தில் பிழை என்று நினைக்கிறார்கள்.
தொலைபேசி இரண்டு முறை அடித்தது.
அவள் சமையலறையில்,
அணைத்த அடுப்பை
இன்னொரு முறை போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.