ஏழு பதிமூன்று

பயிற்சியின் இரண்டாம் நாள், மதியம்.
ஜூன் மாதக் கிருஷ்ணகிரி. மாங்கூழ் ஆலைகளின் வாடை
ஜன்னல் கம்பி வழியாக வந்து
புரொஜெக்டர் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டது.
தலைப்பு: உலகப் பள்ளிகள்.

பின்லாந்தில் ஏழு வயதுவரை பாடம் கிடையாதாம்.
"இங்க எட்டாவது வரைக்குமே கிடையாது சார்,"
பின்வரிசையில் யாரோ. சிரித்தோம். குறித்துக்கொண்டோம்.
சீனாவில் சாப்பிட்டதும்
மேசைமேல் தலைசாய்த்துத் தூங்கலாமாம்.
அந்தப் படம் வந்தபோது எங்களில் மூன்று பேர்
ஏற்கெனவே சீனாவில் இருந்தார்கள்.

அப்புறம் ஜப்பான்.
தலையில் வெள்ளைத் துணி கட்டி
இருபது பிள்ளைகள் குனிந்து தரை துடைக்கிறார்கள்.
"பாருங்க, பிள்ளைகளே கூட்டுறாங்க. அதான் ஒழுக்கம்,"
என்றார் கருத்தாளர்.
அரங்கம் தலையாட்டியது.
நான் ஆட்டவில்லை.
கழுத்து பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊத்தங்கரைப் பக்கம், ஆறாவது பி.
நாற்பத்தொரு பேரில் நானும் குள்ளம்மாளும்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை,
"கூட்டறவங்க வாங்க" என்பார்கள்.
மற்றவர்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் நேரத்தில்
கழிவறைக்குத் தண்ணீர் சுமந்தோம்.
இன்றைக்கும் எனக்குப் பதின்மூன்றாம் வாய்ப்பாடு வராது.
நான் கணக்கு டீச்சர்.
மேசைக்கடியில் விரல் விட்டு எண்ணுகிறேன்.

வேப்பனப்பள்ளி தாண்டி என் பள்ளிக்கூடம்.
இந்தப் பக்கம் நடந்தால் ஆந்திரா, அந்தப் பக்கம் கர்நாடகா.
திங்கட்கிழமை சீக்கிரமே போனேன்,
யார் கூட்டுகிறார்கள் என்று பார்க்க.
பார்க்கவே வேண்டியதில்லை.
நாகவேணி. அவள் தம்பி.
நாலு வருடமாக அந்த வாசலைத் தாண்டித்தான்
பெருக்கிய தரையில் நடந்து போய்
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சார்ட் எழுதி ஒட்டினேன்:
வரிசை எண்படி தினம் நாலு பேர்.
வியாழன்தோறும் ஐந்தாவதாக நான்.

செவ்வாய் ஹேமந்த் முறை.
துடைப்பத்தைக் கிரிக்கெட் மட்டை மாதிரி பிடித்தான்.
குப்பை நாலு திசையிலும் பவுண்டரி போனது.

புதன் அவன் அப்பா வந்தார், மாங்காய் மண்டிக்காரர்.
வண்டியை அணைக்காமலே கேட்டார்:
"கூட்டறதுக்கா டீச்சர் புள்ளைய அனுப்பறோம்?"
நல்ல கேள்வி.
என் அப்பா கேட்டிருக்க வேண்டியது.
கல்குவாரியில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை.
ஜப்பானைச் சொன்னேன்.
"அது ஜப்பான்," என்றார்.
அதற்குமேல் அவருக்கு உலகம் தேவைப்படவில்லை.

தலைமையாசிரியர் சார்ட்டைக் கிழிக்கச் சொல்லவில்லை.
"கொஞ்சம் தள்ளி ஒட்டுங்க மேடம்."
தள்ளி என்றால்
பீரோவுக்குப் பின்னால்.

வியாழன்.
கை எதையும் மறந்திருக்கவில்லை,
மணிக்கட்டுக்குள்ளேயே இருந்தது ஆறாவது பி.
நாகவேணி வேலையில்லாமல் நின்றாள்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவளுக்கு.
முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நேரம்,
துப்பட்டா முனையில் கொஞ்ச நேரம்.
பிறகு சுவரில் தொங்கும் உலகப் படத்திடம் போய்
விரலால் கடலைத் தாண்டினாள்.

"மிஸ், ஜப்பான்ல வெளக்கமாத்துக்கு என்ன பேரு?"

தெரியவில்லை.
கருத்தாளர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
"தெலுங்குல சீப்புரு," அவளே தொடர்ந்தாள்,
"கன்னடத்துல பொரக்கே.
ஜப்பான் மட்டும்தான் பாக்கி."

மணி அடித்தது. முதல் பீரியடு கணக்கு.
பலகையில் எதுவும் எழுதாமல்
பதின்மூன்றாம் வாய்ப்பாடு என்றேன், எல்லாரும், சத்தமாக.
நானும் சேர்ந்து சொன்னேன்.

ஏழு பதிமூன்றில்
நானும் நாகவேணியும் நின்றுவிட்டோம்.
வகுப்பு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.