பிழைத்தல்

குலு நகர மருத்துவமனை. மின்சாரம் போய்வந்த மத்தியானம்.
அடோச் நுண்ணோக்கியில் கண் வைக்கிறாள்.
கருநீலச் செல்கள் மூச்சுவிட இடமின்றி நெருக்கி நிற்க
நடுநடுவே வெளிறிய பொட்டுகள்.
விண்மீன் வானம் என்பார்கள் படித்தவர்கள்.
மீன்கள் என்பவை
செத்த செல்களைத் தின்று வயிறூதிய துப்புரவுக்காரர்கள்.

வெளியே பெஞ்சில் ஓர்யெம், ஏழு வயது.
வலத்தாடை ஒரு மாம்பழம்.
ஆடும் கடைவாய்ப் பல்லை
நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான்,
அது விழுந்து முளைக்கும் பல் அல்ல என்று தெரியாமல்.

அவன் தாய் லாலம் காலையில் கேட்டாள்:
கொசுவலையை நாற்றங்காலுக்கு மூடினேனே,
அதனாலா?

எலும்புக்குள், மஜ்ஜையின் இருட்டில்,
ஒவ்வொரு பி செல்லும் தன் ஏட்டைத் தானே வெட்டும்.
நாற்பது சொச்சம் துண்டில் ஒன்று,
இருபது சொச்சத்தில் ஒன்று,
ஆறில் ஒன்று.
இடையில் கிடந்தது வளையமாகச் சுருண்டு கழன்றுபோகும்.
நிலைமொழியின் ஈறு தேயும். வருமொழியின் முதல் தேயும்.
நடுவே, தாயும் தராத தந்தையும் தராத
நாலைந்து எழுத்து புதிதாய் நிற்கும்.
கெடுதல், தோன்றல்.
மூன்றில் இரண்டு பொருளற்ற சொல்;
மற்ற ஏட்டிலும் அப்படியே ஆனால் செல் சாகும்.

பிழைத்தால் சாவு. பிழைக்காவிட்டால் பிழைக்கும்.
நான் எழுதும் மொழியில் இரண்டுக்கும் ஒரே வினை.
அடோச்சின் அச்சோலியில் எப்படியோ, கேட்கவில்லை.

திரிதல் பிறகு வரும்.
மலேரியா வந்து வந்து போகும் மழைக்காலங்களில்
நிணமுடிச்சுக்குள் வேறொரு கத்தி இறங்கும்,
எழுத்தெழுத்தாய்த் திருத்த.
திருத்தியபடியே ஒரு நாள்
பதினான்காம் குரோமோசோம் அறுந்து வாய்பிளந்து நிற்க
எங்கோ எட்டாவதும் அறுந்திருக்க
ஒட்டுகிறவன் ஒட்டிவிட்டான்.
அவனுக்கு முனை தெரியும், பொருள் தெரியாது.
‘எதிர்ப்பொருள் செய், ஓயாதே’ என்று
இரவும் பகலும் கத்தும் வாசலில்
‘பெருகு’ வந்து குடியேறியது.
அவ்வளவுதான்.
ஒரு தாடை வீங்க அது போதும்.

அடோச் சில்லைத் துடைத்து உறையில் போடுகிறாள்.
அந்தக் குடிசையில் வலையின்றிப் படுத்தவர்கள் ஐந்து பேர்.
கொசு அத்தனை பேரையும் கடித்தது.
இதை எப்படிச் சொல்வது? கொசு இல்லை என்றால் பொய்.
கொசுதான் என்றாலும் பொய்.
அதே கத்திரி லாலமின் எலும்பிலும் இந்த நிமிடம்
வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் சரியாக.
நாற்றங்கால் என்ன நாற்று என்று மட்டும் கேட்டாள்.
கத்தரி, என்றாள் லாலம்.
நன்றாக வந்ததா?
வந்தது.

செவ்வாயன்று முதல் மருந்து ஏறியது.
வெள்ளிக்குள் மாம்பழம் எலுமிச்சை ஆனது.
இரவெல்லாம் வாந்தி எடுத்தவன்
சனி விடியலில் எள்ளும் கடலையும் அரைத்த கூழ் கேட்டான்,
இடப்பக்கமாய் மென்றான்.

பிழைப்பானா, என்கிறாள் லாலம்.

அடுத்த சில்லு காத்திருக்கிறது. மின்சாரம் மறுபடி போயிற்று.
அடோச் கண்ணாடியைச் சன்னல் பக்கம் திருப்புகிறாள்,
வெயில் இருக்கும்வரை
பார்க்கலாம்.