அரைப் பேர்

ஹட்டன். இரவு பதினொன்றே கால்.
செக்ரோல் கணினிக்கு மூச்சு முட்டுகிறது.
மாதக் கடைசி. பதினாறு தோட்டத்துச் சம்பளமும்
ஒரே வினவலுக்குப் பின்னால் நிற்கிறது,
கொட்டகலை வளைவில் லொறி புரண்ட நாள் மாதிரி.

ஆளுக்கு நாலு வினாடி,
ஒன்பதாயிரம் ஆள்.
விடிந்தாலும் முடியாது.

எங்கே சுற்றுகிறாய் என்று
அதன் வழித்தடத்தைப் பிரித்துப் பார்த்தேன்:
லெச்சுமி, லட்சுமி, லெட்சிமி, லச்சுமி.
எந்தக் கிளாக்கர் எந்த மழையில் எழுதினாரோ,
நாலையும் தேடி
இரண்டாயிரத்து ஒன்பதிலிருந்து
வரி வரியாய் ஏறி இறங்குகிறது, பாவம்.
பக்கத்திலேயே சுட்டெண் இருக்கிறது,
தொடவே இல்லை.

பெயரை விட்டுவிட்டு
இலக்கத்தால் தேடச் சொன்னேன்.
பிளேன்டி ஆறுமுன்
வினாடிக்கு நூறு ஆள்.
கொழும்பிலிருந்து ரிஸ்மி கட்டைவிரல் அனுப்பினான்.

சரிபார்க்க ஒரு வரியைத் திறந்தேன்.
7318. பதினான்காம் திகதி.
நிறுவை இருபது கிலோ.
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று.
மிச்சம் பதினேழு.
பதினெட்டுக்கு ஒன்று குறைவு:
அரைப் பேர்.

இதைக் கழிக்க
நேற்றுவரை நாலு வினாடி எடுத்தது.
யாரோ யோசிக்கிறார்கள் என்றாவது
நினைத்துக்கொள்ளலாம்.

குளிருக்குக் கையை உரசிக்கொண்டு
அடுத்த மந்தம் எதுவென்று
பட்டியலைக் கீழே இழுக்கிறேன்.
கடைசியில் ஓர் அட்டவணை, முறைப்பாடுகள்.
எழுதப்பட்டது: ஆயிரத்து இருநூற்று ஆறு தடவை.
வாசிக்கப்பட்டது: பூச்சியம்.

அதனால் எந்தத் தாமதமும் இல்லை.
திரை பச்சை காட்டுகிறது.