ஏழாவது பெயர்

ஆறு வீட்டுக்குள் வந்துபோன ஐப்பசியில்
பள்ளிக்கூட வராந்தாவில்
சாக்குச் சாக்காய் உடுப்பு கொட்டினார்கள்.
சேலைகள் முதலில் போயின,
பிறகு நைட்டி, பிறகு பிள்ளைகளின் டவுசர்.
கடைசியில் கிடந்தது இது:
கறுப்பு டீ-ஷர்ட்,
நெஞ்சில் ஹெட்போன் மாட்டிச் சிரிக்கும் மண்டையோடு.
போதகரின் மனைவி விரல்நுனியால் தூக்கிப் பார்த்து
சாக்குக்கே திருப்பிப் போட்டார்.
நான் எடுத்துக்கொண்டேன்.
என் உடம்பில் இருந்த ஒன்றே ஒன்று
மூன்று நாளாய் நனைந்திருந்தது.

முதுகில் பதினொரு பெயர்கள்,
ஒன்றின் கீழ் ஒன்று, ரேஷன் கடைப் பலகை போல.
இங்கிலீஷை நான் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன்.
எல்லாம் பாட்டுக் குழுக்களாம்,
பத்தாம் வகுப்பு லிஜின் சொன்னான்,
ஏதோ காலேஜில் பிள்ளைகளே நடத்திய விழாவாம்.
தேதி இருந்தது. வருஷம் இருந்தது.
யாரோ அடியை மடித்துத் தைத்ததில்
ஊர் மட்டும் மடிப்புக்குள் போய்விட்டது.

பால்வெட்டுக்கு இதைத்தான் போடுகிறேன்.
மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி ஏறினால்
முந்நூற்றைம்பது மரம்.
சிரட்டையில் விழும் முதல் சொட்டுக்குச் சத்தம் உண்டு,
இரண்டாவதற்கு இல்லை.
வாளியைத் தலையில் வைத்து இறங்கும்போது
தளும்பி முதுகில் வழியும்.
காய்ந்ததைப் பிய்த்தால்
அடியிலிருக்கும் எழுத்தும் கூடவே வரும்.
இரண்டு வருஷத்தில் நாலு பெயர் போயிற்று.
ஏழாவதில் முதலெழுத்து மட்டும் மிச்சம்,
கொக்கி போல ஒரு ஜே.

மழை பிடித்தால் வெட்டு இல்லை.
அன்றெல்லாம் திற்பரப்பு அருவிக்குப் போகும் வழியில்
அன்னாசி அறுத்து, மிளகாய்ப்பொடி தூவி விற்பேன்.
ஒரு நாள், தலை துவட்டாத ஒரு பையன்
காசு நீட்டிய கையை மறந்து
என் முதுகையே பார்த்து நின்றான்.
"அக்கா, நீங்க இந்த ஃபெஸ்ட்டுக்கு வந்திருந்தீங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும்.
பிறகு வெள்ளத்தைச் சொல்ல வேண்டும்,
சாக்கைச் சொல்ல வேண்டும்.
அவன் முகம் மாறும்.
கூட ஐம்பது ரூபாய் தருவான்.
"வந்தேனே" என்றேன்.
நாக்கு அதோடு நிற்கவில்லை.
"அண்ணைக்கு நல்ல மழையில்லியா!"

துள்ளிவிட்டான்.
"ஐயோ ஆமாக்கா! கரண்ட் போயிருச்சு,
மைக்கெல்லாம் செத்துருச்சு,
டிரம்ஸ்காரன் மட்டும் நிறுத்தவே இல்ல.
ஆளாளுக்கு ஃபோன் லைட்ட அடிச்சுக்கிட்டு
நனைஞ்சுக்கிட்டே நின்னோமே, ஞாபகமிருக்கா?"

வெட்டி முடிக்குமுன் மழை வந்துவிட்டால்
பாலில் தண்ணீர் விழுமுன் எடுக்க வேண்டும்.
சரிவு முழுக்க ஓட்டம்,
ஷாலெட்டின் விளக்கு ஒரு பக்கம், ராஜம்மாளுடையது ஒரு பக்கம்,
இடையில் எத்தனையோ விளக்குகள், யாருடையவை என்று தெரியாது,
தகரவாளிகளில் மழை தாளம் விடாமல்.
"பின்னே, மறக்குமா" என்றேன்.

"யார ரொம்பப் பிடிச்சுது உங்களுக்கு?"
திரும்பி நின்று முதுகைக் காட்டினேன்.
"மேலேயிருந்து ஏழாவது."

எண்ணினான் போலும்.
ஜே... ஜே... என்று முனகும் சத்தம் கேட்டது.
கூட்டாளிகளைக் கூப்பிட்டான்.
மூன்று பேர் என் பின்னால் நின்று
பெயர் பெயராய்ச் சொல்லி அடித்துக்கொண்டார்கள்.
ஒருவருக்கும் வரவில்லை.
"ஆனா செமையா வாசிச்சாங்கக்கா" என்றான் ஒருவன்.
"ஆமா மக்கா" என்றேன்,
"கடைசியில அந்தச் சின்னப் பயல் தனியா வாசிச்சானே."
மூவரும் தலையாட்டினார்கள்.

அன்னாசிக்கு மிளகாய்ப்பொடி போட மறந்திருந்தேன்.
ஒன்றும் சொல்லாமல் தின்றார்கள்.