வாலுள்ள பெருக்கல் குறி

மூன்றாம் நாளும் எண்ணினோம்.
புவான்-கிரீஸ் நீதிமன்றத்தின் மேல்மாடியில்
வெந்நீர்க் குழாய் இருமிக்கொண்டே இருந்தது.
ஜன்னலுக்கு வெளியே வளைகுடா
கழுவிய பலகை நிறத்தில்.

நான் ஆணிக்கடைக்காரி.
தேர்தல் நாட்களில் மட்டும் அரசாங்கத்தின் விரல்.
சத்தியம் செய்திருக்கிறேன்:
பார்ப்பதை வெளியே சொல்ல மாட்டேன்,
அறிந்ததை உள்ளே சொல்ல மாட்டேன்.
(இரண்டாவது, காகிதத்தில் இல்லை.
நானாகச் சேர்த்துக்கொண்டது, பிற்பாடு.)

மாகாணத்தில் ஐம்பத்தோரு நாற்காலிகள்.
நீலத்துக்கு இருபத்து நான்கு,
சிவப்புக்கு இருபத்து மூன்று,
பச்சைக்காரர்கள் மூன்று பேர்
திடீரென்று எல்லோருக்கும் உறவாகிவிட்டார்கள்.
மிச்சம் ஒன்று எங்களுடையது.
எப்படிக் கூட்டினாலும்
எவருக்கும் இருபத்தாறு வராது.
அதற்குத்தான் தலைநகரிலிருந்து
இரண்டு வழக்கறிஞர்கள், நான்கு காமிராக்கள்,
எங்கள் ஊரில் கிடைக்காத வகைக் காபி.

தள்ளுபடிச் சீட்டுகளில் ஒன்றில் ஒரு மீன்.
ஒன்றில் ‘பாலம்?’ என்று மட்டும்.
செல்லும் சீட்டுகள்:
நான்காயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு,
நான்காயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.
சிவப்பின் ராஷெல் சவுவாவும்
நீலத்தின் டெரன்ஸ் கீஸும்
ஒரே மிட்டாய்ப் பொட்டலத்தில் கைவிட்டுத் தின்றார்கள்.
பள்ளியில் ஒரே வகுப்பு.
அவனுக்கு நீச்சல் கற்றுத்தந்தது அவள்தான்.

பிறகு அந்தச் சீட்டு.

சிவப்பின் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி.
நல்ல குறி, அழுத்தமான குறி.
ஆனால் அதன் ஒரு கால்
வட்டத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி
நீலத்தின் வட்டத்துக்குள் எட்டிப் பார்த்தது
பக்கத்து வீட்டு நாய் மாதிரி.

“எண்ணம் தெளிவு” என்றார் ஒருவர்.
“எண்ணம் இரண்டு” என்றார் மற்றவர்.
நாற்பது நிமிடம்.
நீதிபதி ஹாஷே அதை விளக்கடியில் பிடித்தார்,
கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்,
திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கத்தில் ஒன்றுமில்லை.

எனக்குத் தெரியும் அந்த வால்.
ஒனேசிம் மலே.
சிங்கி இறால் கூண்டை இழுக்கும் சுழலிக்கு
இரண்டு விரல் கொடுத்தவர்.
பென்சில் அவர் கையில் நிற்காது, வழுக்கும்.
அப்படியென்றால் அது சிவப்பு.
ஆனால் என் கடன் நோட்டில்
பாக்கி தீர்ந்த வரியை
இதே வாலை இழுத்துத்தான் அடிப்பார்.
அப்படியென்றால்
பாலத்தைச் சரிபண்ணாத
இரண்டு பேர் கணக்கையும்
ஒரே இழுப்பில் முடித்திருக்கிறார்.

வாயைத் திறந்தால்
ஒரு மாகாணம் சாயும் பக்கம் மாறும்.
ரப்பர் வளையத்தை விரலில் சுற்றினேன், அவிழ்த்தேன்,
சுற்றினேன்.

“எண்ணுங்கள்” என்றார் நீதிபதி.
எண்ணினேன். பதின்மூன்று.
இருபத்து நான்கு, இருபத்து நான்கு, மூன்று.
காமிராக்கள் தடதடவென்று படியிறங்கின.
டெரன்ஸ் அழுதான்.
ஜெயித்தவள் கைக்குட்டை தேடினாள், அவனுக்காக.

அன்றிரவு தலைநகரில்
பச்சைக்காரர்களின் தொலைபேசி ஓயவே இல்லையாம்.
இங்கே முதல் பனி விழுந்தது,
பாலத்து ஓட்டைமேல் போட்ட பலகைமேல்.

மறுநாள் ஒனேசிம் கடைக்கு வந்தார்.
கயிறு இரண்டு சுருள், நாலங்குல ஆணி கால் கிலோ.
“யார் ஜெயித்தது?”
“யாருமில்லை” என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
“அப்போ நான் போட்ட ஆள்தான்.”

பழைய பாக்கியை மேசைமேல் வைத்து
நோட்டைத் தன் பக்கம் இழுத்தார்.
பென்சில் வழுக்குகிறதா, இழுக்கிறாரா,
இந்தத் தடவை பார்த்துவிடுவது என்றுதான் இருந்தேன்.
சில்லறை எண்ணிக்கொண்டிருந்துவிட்டேன்.