அரை மைல் வட்டம்

ஏப்ரல். விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
வயோமிங் மேட்டில், கல்லுக்கடியில் பனி ஒட்டிக்கிடக்கிறது.
லோர்னா டிரெஸ்கல் எஞ்சினை அணைக்கிறாள்.
வந்த நாற்பது மைலுக்கும் எரிந்தது
பூமிக்குள்ளிருந்து எடுத்ததுதான்.
தெரியும் அவளுக்கு.

புதர்க்கோழிச் சேவல்கள் வந்துவிட்டன.
மார்பின் இரண்டு மஞ்சள் பைகளை ஊதி,
வாலை முள்முள்ளாய் விரித்து,
குடத்துத் தண்ணீரில் கல் விழுந்தாற்போல்
ப்ளொக். ப்ளொக்.
பெட்டைகள் பார்க்காததுபோல் பார்க்கின்றன.

ஐந்து வருடத்துக்கு முன் எண்பத்தேழு.
போன வருடம் முப்பத்தொன்று.

அரசு நிலம். வரைபடத்தில் மஞ்சள்.
நம் பத்திரங்களில் புறம்போக்கு என்றிருக்குமே, அதுதான்.
எல்லாருக்கும் சொந்தம்:
மாட்டுக்காரனுக்குப் புல்,
வேட்டைக்காரனுக்கு மான்,
கம்பெனிக்கு ஒன்பதாயிரம் அடி ஆழத்து வாயு.
சேவலுக்கு ஒரு வட்டம்.

வட்டத்தை வரைந்தவள் லோர்னா.
இரண்டு மைல் கேட்டாள்.
மூன்று கூட்டம், ஒரு பெட்டி டோனட்,
அரை மைலில் பேச்சு முடிந்தது.
கவராயத்தின் முள் குத்திய துளை
அவள் மேசையில் இன்னும் இருக்கிறது.

கோட்டுக்கு அப்பால், சட்டப்படி அப்பால்,
கம்ப்ரெஸர் உறுமுகிறது.
இரவு ஷிஃப்டில் வெண்டல் ஓகார்ட்.
அவன் மகள் படிக்கும் பள்ளியின் கூரை
இந்த வாயுவின் ராயல்டியில் போட்டது.
லோர்னாவின் பையனும் அதன் கீழேதான்
ஏழாம் வாய்ப்பாட்டில் திணறுகிறான்.

உறுமலில் ப்ளொக் கேட்கவில்லை.
பத்தொன்பது என்று எண்ணி வைக்கிறாள்.

ஐந்தே காலுக்கு உறுமல் நின்றது.
யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. எந்தத் தாளிலும் இல்லை.
அத்தனை மௌனம் காதை அடைத்தது.
புதர்ப்பின்னால் பதுங்கியிருந்த ஒன்று,
அதன்பின் இன்னொன்று, மூன்று, ஐந்தாறு,
பள்ளத்திலிருந்து கூட்டமாய்.
முப்பத்து நான்கு.
மறுபடி எண்ணினாள். முப்பத்து நான்கேதான்.

தூரத்து வேலியோரம்
ஒரு தலைவிளக்கு இந்தப் பக்கம் திரும்பி
அணைந்தது.

இருபது நிமிடம்.
பிறகு இயந்திரம் இருமிக்கொண்டு எழுந்தது.

படிவத்தில் 'ஓசை நிலவரம்' என்று ஒரு கட்டம்.
'இயந்திரம் நின்றிருந்தது' என்று எழுதினால்
வெண்டலைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.
எழுதாமல் விட்டால்,
'பார், மூன்று கூடியிருக்கிறது, வட்டம் போதும்' என்று
அடுத்த கிணற்றுக்குக் கையெழுத்து விழும்.

வெயில் ஏறுகிறது.
சேவல் ஒன்று நடந்துபோய்
கிணற்றடிச் சரளையில் நின்று
இறகைக் கோதுகிறது.

பேனாவில் மை உறைந்திருக்கிறது.
அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு
லோர்னா உட்கார்ந்திருக்கிறாள்.